எனக்கென்று ஒரு கொளுக்கி



கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் சென்ற மாதம் என் கைக்குக் கிடைத்தது. 2009 இல் கணவரை இழந்தவர் அவர். அன்று இடுப்பில் இருந்த கைக்குழந்தை இன்று உயர்தரம் முடித்த குமர்ப்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ஓராண்டு வெளிநாட்டில் தங்கிப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. தங்குவது விடுதியில் அல்ல. அந்த நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில்.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் தாயின் கடிதத்தில் மகிழ்ச்சியை விடப் பயமே அதிகம் இருந்தது. "முகாமிலையும் பிறகு பிறத்தியார் வளவிலையும் மூண்டு வருசம் இருந்தனாங்கள். தண்ணி அள்ளவும் கேட்டுத்தான் அள்ள வேணும். பிள்ளை அழுதால் அவையின்ரை நித்திரை குழம்புமெண்டு வாயைப் பொத்துவன். இப்ப என்ரை பிள்ளையும் ஆற்றையோ வீட்டிலை ஒரு மூலையிலை ஒடுங்கி இருக்கப் போகுதோ? 'ஒருத்தருக்கும் பாரமாய் இராதை' எண்டு அவளுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறன்" என்று எழுதியிருந்தார்.

சகோதரிகளே, இந்தக் கேள்விக்கு வெறும் ஆறுதல் வார்த்தை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. நானும் பிறர் வீட்டில் இருந்தவள். நம் நாட்டிலும் இருந்தேன், கடல் கடந்தும் இருந்தேன். இரண்டையும் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். யாழ்ப்பாணத்து மக்கள் லட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவு அது. அம்மாவும் தங்கைமாரும் நானும் கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். ஏற்கனவே நான்கு குடும்பங்கள் அங்கே இருந்தன. வீட்டுக்கார மாமி எங்களுக்கும் சோறு தந்தார், பாய் தந்தார். ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, அந்தக் கணக்கு அவவின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் காலை மாமி அம்மாவைப் பார்த்து, "உதென்ன தங்கச்சி, கலியாண வீட்டுக்கு வந்த ஆள் மாதிரித் திண்ணை நுனியிலை இருக்கிறாய்? வந்து இந்தத் தேங்காயைத் திருவு" என்றார். பின்னேரம் குசினிக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து, "இது உன்ரை அடுப்பு. நீ விரும்பினதைக் காச்சு" என்றும் சொன்னார். அன்று இரவுதான் அம்மா நிம்மதியாகப் படுத்தார். சோறு தந்தபோது வராத நித்திரை, தேங்காய் திருவச் சொன்னதும் வந்தது. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2005 இல், சிறுவர் கல்வி தொடர்பான பயிற்சிக்காக நான் நோர்வே போனேன். அந்த நாட்டின் மேற்குக் கரையில் பேர்கன் நகரத்துக்கு அருகே ஒரு குடும்பத்தின் வீட்டில் பத்து மாதம் தங்கியிருந்தேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மனைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். எனக்கு நா எழவில்லை. "எங்கள் ஊரில் உங்களை அக்கா என்போம்" என்று விளக்கியதும் அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. இங்கும் அவரை அக்கா என்றே எழுதுகிறேன்.

பேர்கன் மழைக்குப் பெயர் போன ஊர். ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும். மார்கழியில் காலை பத்து மணியளவில்தான் விடியும், பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடும். குளிரையும் இருட்டையும் பற்றி எல்லோரும் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையைப் பற்றித்தான் எவரும் சொல்லவில்லை.

அங்கே வீட்டின் பெரிய சாப்பாடு பின்னேரம் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். அவித்த உருளைக்கிழங்கும் மீனும் இருக்கும். முதல் நாள் ஒரு துண்டு மீன் எடுத்துச் சாப்பிட்டேன். "இன்னும் வேண்டுமா?" என்று அக்கா கேட்டார். நம் வழக்கப்படி, "போதும்" என்றேன். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? "இன்னொருக்காக் கேளுங்கோ" என்பதுதானே! வீட்டுக்காரர் விடமாட்டார், கையை மறைக்க மறைக்கக் கோப்பையில் போடுவார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இப்படிப் பத்து நாள். இரவில் பசி வயிற்றைக் கிள்ளும். ஊரிலிருந்து கொண்டுபோன பருத்தித்துறை வடையை, சத்தம் கேட்காமல் போர்வைக்குள் வைத்துக் கடிப்பேன். குளிர்சாதனப் பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. "பசித்தால் எடுத்துச் சாப்பிடு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் பிறர் வீட்டுப் பெட்டியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

வடை முடிந்த அன்று வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். அக்கா முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் வாடியது. "என் சமையல் உனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அதனால்தான் தினமும் வேறு வேறு சமைத்துப் பார்த்தேன். இங்கே ஒருவர் போதும் என்றால் மேலும் வற்புறுத்துவது மரியாதையில்லை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று பட்டினி கிடந்தேன். அவரோ நான் சாப்பிடவில்லையே என்று பத்து நாளும் கவலைப்பட்டிருக்கிறார். வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் இருவருக்கும் அந்தத் துன்பம் இருந்திராது.

இன்னொன்றும் நடந்தது. அந்த வீட்டில் சாப்பிட்டு எழும்பும்போது பிள்ளைகள் முதற்கொண்டு எல்லோரும் "தக் ஃபொர் மாத்தன்" என்பார்கள். சாப்பாட்டுக்கு நன்றி என்று பொருள். நான் சொல்வதில்லை. நம் வீடுகளில் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? நன்றி என்பது நமக்குப் பிறத்தியாருக்குச் சொல்லும் சொல். ஒருநாள் ஐந்து வயதுச் சின்னவன் தாயிடம், "ஏன் இந்த அன்ரி மட்டும் நன்றி சொல்வதில்லை?" என்று கேட்டுவிட்டான். "உங்களைச் சொந்தமாக நினைத்ததால்தான் சொல்லவில்லை" என்று நான் விளக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்கள் சொந்தம் என்பதால்தான் சொல்கிறோம்" என்றார். அன்று முதல் நானும் சொல்லத் தொடங்கினேன்.

எல்லாமே வேறுபாடு என்று நினைக்காதீர்கள். அவர்களும் நம்மைப் போல வாசலில் பாதணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். பாலில் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைப் பாகுபோல வற்றக் காய்ச்சிப் பழுப்பு நிறத்தில் ஒரு சீஸ் செய்கிறார்கள். அது இனிக்கும். முதன்முதல் வாயில் வைத்தபோது எனக்குத் தொதல் நினைவு வந்தது.

நன்றி சொல்லவும் கேட்டு வாங்கிச் சாப்பிடவும் பழகினேன். ஆனாலும் அது எனக்கு வீடாகவில்லை. அவர்கள் எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. கோப்பையைக் கழுவப் போனால், "நீ விருந்தாளி, இரு" என்பார்கள். வாசலில் வரிசையாகக் கொளுக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒருவர் பெயர். அவரவர் ஜக்கெற் அவரவர் கொளுக்கியில் தொங்கும். என்னுடையதை மட்டும் பக்குவமாக வாங்கி உள்ளே விருந்தினர் அலுமாரியில் மாட்டுவார் அக்கா. மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார். ஆனால் வெளிக்கிடும் ஒவ்வொரு முறையும், "நீ இந்த வீட்டு ஆளில்லை" என்று அந்த அலுமாரி எனக்குச் சொல்வது போலிருக்கும்.

அந்த ஆண்டு நத்தாருக்கு அக்காவின் தாயார் வந்திருந்தார். வயது 67. அதிகம் பேசமாட்டார், எந்நேரமும் பின்னிக்கொண்டே இருப்பார்.

டிசம்பர் 31 இரவு. நோர்வேயில் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு வாணம் விடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நாலா பக்கமும் வெடிக்கத் தொடங்கியது. வானம் சிவந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் பிறகு நடந்தது நினைவில்லை. கண் திறந்து பார்க்கும்போது மாடிப்படிக்குக் கீழே சுருண்டு கிடந்தேன், இரண்டு கையும் காதைப் பொத்தியபடி. இது எத்தகைய நிலை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கிழவியார்தான் முதலில் வந்தார். என்னை எழுப்பவில்லை. "பயப்படாதே" என்றும் சொல்லவில்லை. முழங்கால் நோவோடு மெல்லக் குனிந்து என் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துகொண்டார். வெடிச்சத்தம் அடங்கும்வரை என் கையை விடவில்லை. பிறகு கதை சொன்னார். அக்கா அதை எனக்கு மொழிபெயர்த்தார்.

அவர் பிறந்தது நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹமர்பெஸ்ற் என்ற ஊரில். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜேர்மன் படைக்கு, சோவியத் படைக்கு எதுவும் மிஞ்சக் கூடாது, மக்களை வெளியேற்றி எல்லாவற்றையும் எரித்துவிட்டு வா என்று 1944 ஒக்ரோபர் 28 ஆம் திகதி ஹிட்லரிடமிருந்து கட்டளை வந்தது. ஏறத்தாழ 50,000 மக்கள் பலவந்தமாகத் தெற்கே அனுப்பப்பட்டார்கள். சுமார் 25,000 பேர் போக மறுத்து, அந்தக் குளிரில் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் ஒளிந்திருந்தார்கள். பத்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் எரிக்கப்பட்டன. ஹமர்பெஸ்ற் நகரத்தில் மிஞ்சியது சேமக்காலையில் இருந்த ஒரு சிறிய தேவாலயம் மட்டும்.

அப்போது அவருக்கு ஆறு வயது. தாயும் அவரும் படகில் ஏற்றப்பட்டு, தெற்கே ஒரு கமக்காரர் வீட்டில் விடப்பட்டார்கள். அந்த வீட்டார் நல்லவர்கள். ஆனால் அவருடைய தாய் பகலில்கூட வீட்டுக்குள் கோற்றைக் கழற்றமாட்டாராம். எந்நேரமும் எழும்பிப் போகச் சொல்வார்கள் என்பது போல, கதிரை நுனியில் இருப்பாராம். ஒருநாள் அந்த வீட்டுப் பெண் நூலும் ஊசியும் ஒரு கூடை கிழிந்த காலுறைகளும் கொண்டுவந்து வைத்து, "எனக்கு மாட்டைப் பார்க்கவே நேரமில்லை. இதை நீ பார்க்கமாட்டாயா?" என்று கேட்டாராம். "அன்று இரவு அம்மா கோற்றைக் கழற்றினாள்" என்றார் கிழவியார்.

எனக்குக் கொடிகாமத்து மாமியின் திருவலை கண் முன்னே வந்தது. 1944 இல் நோர்வேயில் நடந்ததும் 1995 இல் தென்மராட்சியில் நடந்ததும் ஒன்றுதான். இரண்டு மொழி, இரண்டு கடல், ஆனால் ஒரே கதிரை நுனி. அகதியாக வந்தவளை உபசரிப்பது நல்லது. ஆனால் உபசாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவள் நாளுக்கு நாள் சிறுத்துப் போகிறாள். "உன் உதவி எனக்கு வேண்டும்" என்று கேட்கும்போதுதான் அவள் நிமிர்கிறாள். அன்றிரவே அக்காவிடம் அம்மாவின் கதையைச் சொல்லி, "எனக்கும் ஒரு வேலை தாருங்கள்" என்று கேட்டேன்.

தை மாதம் முதல் புதன்கிழமைச் சமையல் என் பொறுப்பானது. முதல் புதன் மிளகாய் தாளித்த புகைக்குப் புகை எச்சரிக்கை மணி அலறி, அயலவர் ஓடிவந்து, ஒரே பகிடி! ஆனால் பருப்பும் மீன்குழம்பும் மிச்சமில்லாமல் முடிந்தன. எல்லோரும் என்னைப் பார்த்து "தக் ஃபொர் மாத்தன்" என்றபோது அந்தச் சொல்லின் இனிமை எனக்கு முதன்முதலாக விளங்கியது. அடுத்த வாரம் பயிற்சி முடிந்து வர, வாசலில் புதிதாக ஒரு கொளுக்கி அடித்திருந்தது. மேலே சின்னவனின் கையால் என் பெயர். ஓர் எழுத்துக் குறைவுதான். நான் திருத்தவில்லை.

இளவேனிலில் அயலவர் எல்லோரும் கூடித் தெருவையும் முற்றங்களையும் துப்புரவு செய்தார்கள். நமது சிரமதானம் போன்றது, அவர்கள் டூக்னாட் என்பார்கள். நானும் சருகு வாரினேன். புதிதாக வந்த ஒருவரிடம் அக்கா என்னை, "எங்கள் விருந்தாளி" என்று சொல்லவில்லை. "இவளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்" என்றார்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில்.

இப்படி மாணவர்கள் பிற நாட்டுக் குடும்பங்களில் தங்கிப் படிக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? உலகப் போர்களில் காயப்பட்டவர்களை அம்புலன்ஸ் வண்டிகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள். 1915 இல் பாரிஸில் தொடங்கிய அவர்களது அமைப்பு, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947 இல் மாணவர் பரிமாற்றத்தை ஆரம்பித்தது. ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டவர் வீட்டில் உண்டு உறங்கிப் பழகினால் பகை குறையும் என்பது அவர்கள் எண்ணம். ஆகவே உங்கள் மகள் போவது பிச்சை கேட்டு அல்ல. அந்த வீட்டாருக்கும் அவளிடம் பெற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

மகளிடம் இவற்றைச் சொல்லி அனுப்புங்கள்.

முதல் வாரத்திலேயே வீட்டு ஒழுங்கைக் கேட்டு அறிந்துகொள்ளட்டும். குளிக்கும் நேரம், உடுப்புத் தோய்க்கும் நாள், இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் எதை எடுக்கலாம் என்று கேட்பது வெட்கமல்ல. கேட்காமல் ஊகிப்பதுதான் சங்கடத்தில் விடும்.

பசித்தால் "ஓம்" என்று சொல்லட்டும். பிடிக்காததை மரியாதையாக "வேண்டாம்" என்று சொல்லட்டும். பல நாடுகளில் சொன்ன சொல்லுக்குச் சொன்ன பொருள்தான்.

சிறியதாயினும் வீட்டில் ஒரு வேலையைத் தனதாகக் கேட்டு வாங்கட்டும். ஒரு நேரச் சமையலோ, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதோ போதும். விலையுயர்ந்த பரிசு வேண்டாம். உங்கள் கையால் இடித்த தூளும் ஒரு குடும்பப் படமும் போதும்.

உங்களோடு பேச நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊரோடு பேசிக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் கால் ஊன்ற முடியாது.

வெடிச்சத்தமோ இருட்டோ அவளுக்குப் பயமென்றால் அதை முன்கூட்டியே சொல்லட்டும். நான் மறைத்ததால்தான் படிக்குக் கீழே கிடந்தேன்.

ஒன்றை மட்டும் மிகத் தெளிவாகச் சொல்லுங்கள். வேலையில் பங்கு எடுப்பது வேறு, வேலைக்காரியாக்கப்படுவது வேறு. மத்திய கிழக்குக்குப் போய்வந்த நம் சகோதரிகளுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். படிக்க நேரம் விடாமல் வேலை வாங்கினாலோ, வெளியே போக மறித்தாலோ, தகாத முறையில் எவரும் நடந்துகொண்டாலோ, அதைப் பொறுத்துக்கொள்வது நன்றியல்ல. கடவுச்சீட்டு எப்போதும் அவள் கையிலேயே இருக்கட்டும். குடும்பத்துக்கு வெளியே தன் பொறுப்பாளர் யார், அவரது தொலைபேசி எண் என்ன, குடும்பத்தை மாற்றக் கேட்பது எப்படி என்பவற்றைப் புறப்படுமுன் எழுதி வாங்குங்கள். ஐரோப்பிய நாடென்றால் அவசர இலக்கம் 112 என்பதையும் மனப்பாடமாக்கட்டும்.

சகோதரி, உங்களுக்கும் ஒரு சொல். "பாரமாய் இராதை" என்று தினமும் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் பட்ட அவமானம் பெரிது. அது உங்கள் பிழையால் வந்ததல்ல, யுத்தத்தால் வந்தது. அதை மகளின் பெட்டிக்குள் மடித்து வைத்து அனுப்பாதீர்கள். போகும் இடத்தில் அவள் சட்டையைக் கழற்றி மாட்ட ஒரு கொளுக்கியைக் கேட்கத் துணிய வேண்டும். "எனக்கும் இந்த வீட்டில் ஒரு வேலை தாருங்கோ, ஒரு இடம் தாருங்கோ" என்று கேட்டுப் பழகு என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்களில் பலர் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குத் திண்ணை கொடுத்தவர்கள். பலர் அப்படியொரு திண்ணையில் இருந்தவர்கள். இரண்டுமாக இருந்தவர்களும் உண்டு. பிறர் வீடு ஒன்று எந்த நாளில், எந்தச் சொல்லால் உங்களுக்கு வீடானது? எழுதுங்கள். அடுத்த மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி